கால்மாட்டுப் பலகை

கட்டிலின் கால்மாட்டில் இரண்டு இடங்களில் மட்டும் சாயம் ஏறவில்லை.

மாநகர சபையில் வேலை முடிந்து, அம்பிட்டிய பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு வந்து, நனைந்த குடையை மாடிப்படி ஓரத்தில் சாய்த்துவிட்டுக் கதவைத் திறந்த யசோதினி, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அதைத்தான் பார்த்தாள். முட்டை அளவில் இரண்டு வெளிறிய திட்டுகள். ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று, நடுவில் ஒரு சாண் இடைவெளி. மற்ற இடமெல்லாம் பால் விடாத நல்ல பிளேன்டீ நிறத்தில் ஒரே சீராகக் காய்ந்திருக்க, அந்த இரண்டு இடத்திலும் மட்டும் பலகை அன்றைக்குத்தான் அறுத்தது போல வெள்ளையாகக் கிடந்தது. நேற்று சாயந்தரம் துணியால் துடைத்து முடித்தபோது அவை இல்லை. அது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும்.

யசோதினி ஒரு வேலையைத் தொட்டால், அந்த வேலையே போதும் தாயே என்று கும்பிடும்வரை விடமாட்டாள். பைனஸ் பலகையில் சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும் என்று, மகளுக்கென்று அந்தச் சின்னக் கட்டிலை அடித்துக் கொடுத்த கட்டுகஸ்தோட்டைத் தச்சர் அர்கம் பாஸ் முன்பே சொல்லியிருந்தார். "பைனஸ் ஒரு பொல்லாத மரம் தங்கச்சி. ஒரு எடத்துல குடிக்கும், பக்கத்து எடத்துல குடிக்காது. மொதல்ல அதுட பசிய அடக்கிப்போட்டுத்தான் சாயத்தக் காட்டணும்."

அவளும் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து அடக்கித்தான் காட்டினாள். ஈரத்துணியால் துடைத்து, சிலும்பி எழுந்த நாரை மெல்லிய சாண்ட் பேப்பரால் ரேகை போகிற திசையிலேயே தேய்த்தாள். சாண்டிங் சீலரில் தின்னர் விட்டு நீர்மோர் பதத்துக்குக் கரைத்து ஒரு கை பூசினாள். அது காய்ந்ததும் இன்னொரு தரம் தேய்த்து, தூசி தட்டி, அறுத்து மிஞ்சிய ஒரு துண்டில் சாயத்தைப் பூசிப் பார்த்து, திட்டு விழவில்லை என்று கண்ட பிறகுதான் கட்டிலில் கை வைத்தாள். அந்தத் துண்டு தலைமாட்டுப் பலகையின் மிச்சம். படுக்கிற பலகையின் தலைமாட்டுப் பாதி பேராதனையில் ஒரு மரக்கடையில் வாங்கியது. கால்மாட்டுப் பாதிக்கான பலகைகளை அவள் புருஷன் பிரதீஸ் ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்திலிருந்து, அவன் வளர்ந்த லயத்து வரிசை வீட்டிலிருந்து, வேனில் போட்டுக் கொண்டுவந்திருந்தான். இரண்டு பாதியும் கட்டிலின் நடுச்சட்டத்தில் வந்து சேர்ந்தன. பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

படியில் தட தடவென்று சத்தம் கேட்டது. மகள் சஷ்மி வந்துவிட்டாள்.

அந்தச் சத்தத்தைக் கேட்டால் யசோதினிக்கு எந்தக் களைப்பும் பறந்துவிடும். சஷ்மிதா இரண்டரை வயதுவரை நடக்காத பிள்ளை. எத்தனை கிளினிக், எத்தனை எண்ணெய், கட்டுக்கலைப் பிள்ளையாருக்கு எத்தனை தேங்காய். பிள்ளையின் கால்களைத் தன் மடியில் வைத்து நீட்டி மடக்கி, நீட்டி மடக்கி, வாய்விட்டு அழுத நாட்கள் அவளுக்கு இன்னும் மறக்கவில்லை. பிறகு ஒருநாள் கதிரையைப் பிடித்துக்கொண்டு எழுந்த பிள்ளை, இப்போது நாலு வயதில், நடப்பதே இல்லை. ஓட்டம்தான். அந்த நாட்களின் மிச்சமாக இடது காலின் சுண்டுவிரல் மட்டும் பக்கத்து விரல்மேல் ஏறிக் கிடக்கிறது. குளித்துவிட்டு ஈரக்காலோடு ஓடினால் சிவப்புச் சிமெந்துத் தரையில் இடது தடத்துக்கு நாலு விரல்தான் பதியும். அந்தத் தடங்களைத் துடைக்க யசோதினிக்கு மனமே வராது.

பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற கீழ் வீட்டு றமீலா படியடியில் நின்று குரல் கொடுத்தாள். "சோறு தின்னிட்டா யசோ! ஒரு எடத்துல குந்தமாட்டா, அல்லாஹ்வே!"

அன்றைக்கு அவள் அந்த இரண்டு திட்டையும் சுரண்டித் தேய்த்து, சீலர் தொட்டு, மறுபடி சாயம் பூசினாள். சாயம் பிடித்தது. துடைத்தாள். சீராக இருந்தது. மகளை வழக்கம்போல உள்ளறையில், பெரிய கட்டிலில், தன் பக்கத்தில் போட்டுக்கொண்டு தூங்கினாள். சின்னக் கட்டில் முன்னறையில் ஜன்னலோரம் காய்ந்துகொண்டிருந்தது.

மறுநாள் சாயந்தரம் வந்து பார்த்தபோது திட்டுகள் வளர்ந்திருந்தன.

முட்டைகளாக இருந்தவை இப்போது இரண்டு நீண்ட பட்டைகள். கீழே உருண்டை, அதற்கு மேல் குறுகல், அதற்கும் மேல் மெல்லப் பருத்து, பலகையின் நடுவரை வந்து நின்றன. ஓரங்கள் வெட்டியது போலத் தெளிவாக இருந்தன. மரம் குடித்து உண்டாகிற திட்டுக்கு ஓரம் இப்படி இருக்காது என்பது அவளுக்குத் தெரியும். அது காயாத துணியில் சிந்திய கறி மாதிரிப் பரவி மங்கும். இது அப்படியில்லை. எதையோ பலகையின் மேல் வைத்துவிட்டு அதைச் சுற்றிச் சாயம் பூசியது போலிருந்தது.

அர்கம் பாஸுக்கு போன் போட்டாள்.

"கோந்து பட்டிருக்கும் தங்கச்சி. இல்லாட்டிப் பிசின் கக்கியிருக்கும்" என்றார் அவர். பிறகு, "அந்தத் தோட்டத்துப் பலகையில பழைய ஆணி ஓட்டையெல்லாம் இருந்திச்சே. ஏற்கனவே எதுக்கோ அடிச்சுக் கழட்டின பலகையா?" என்று கேட்டார்.

"தெரியலையே பாஸ். அவர்தான் கொண்டுவந்தார்."

"அப்ப தின்னர் போட்டு நல்லாக் கழுவிப் பாருங்க."

கழுவினாள். ஜன்னலைத் திறந்து வைத்தும் தின்னரின் நெடி மூக்கைப் பிடுங்கியது. ஆனால் அது அடங்கிய பிறகு, அதற்கடியிலிருந்து இன்னொரு வாசனை மெதுவாக எழுந்து வந்தது. வாடிய கொழுந்தின் வாசனை. தேயிலை பெக்டரிக்குள் நுழையும்போது முகத்தில் அடிக்குமே, அந்தப் புளிப்பும் கசப்பும். அதோடு கலந்து, புண்ணுக்குக் கட்டுகிற மருந்துத் துணியின் வாசனை. இந்த இரண்டையும் சேர்த்து எங்கேயோ முகர்ந்திருக்கிறோமே என்று அவளுக்குத் தோன்றியது. எங்கே என்று பிடிபடவில்லை.

சஷ்மி ஜன்னலடியில் கிடந்த பொம்மையை எடுக்கப் போனாள். கட்டிலின் கால்மாட்டை ஒட்டிப் போனால் இரண்டு எட்டு. பிள்ளை அப்படிப் போகவில்லை. கதவுவரை பின்வாங்கி, அலுமாரியை உரசிக்கொண்டு, முழு அறையையும் சுற்றிப் போய் எடுத்தாள். திரும்பி வந்ததும் அதே வழிதான்.

"ஏன்டி சுத்திப் போற?"

"காலு நீட்டியிருக்கும்மா" என்றாள் பிள்ளை, இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி. "தாண்டக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

சொன்னது அவள்தான். யாராவது கால் நீட்டி உட்கார்ந்திருந்தால் தாண்டாதே, சுற்றிப் போ என்று அடித்துப் பழக்காத குறையாகப் பழக்கியிருந்தாள். யசோதினி கட்டிலைப் பார்த்தாள். கீழே உருண்டை, குதிகால். குறுகல், கணுக்கால். பருத்து ஏறுவது, கெண்டைக்கால்.

மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு புருஷனுக்கு போன் போட்டாள்.

பிரதீஸ் பிஸ்கட் கம்பெனி வேனோடு தம்புள்ளைப் பக்கம் போயிருந்தான். சனிக்கிழமைதான் வருவான். போனை எடுத்த குரலில் களைப்பு இருந்தது.

"என்னங்க, அந்தக் கால்மாட்டுப் பலகைய எங்கேருந்து எடுத்தீங்க?"

"லயத்துல கெடந்திச்சு. ஏன்?"

"லயத்துல எங்க?"

போனில் அவனுக்குப் பின்னால் லொறி ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.

"பெரியப்பாவோட சவப்பெட்டிக்குத் தோட்டத்துல பலகை குடுத்தாங்கல்ல, அதுல மிஞ்சினது. நல்லாக் காஞ்ச பலகை யசோ. சும்மா மழையில நனைஞ்சு வீணாப் போவுதேன்னு..."

"பெட்டிப் பலகையவா வீட்டுக்குள்ள கொண்டாந்தீங்க?"

"மிச்சம்தானே. பெட்டியா கொண்டாந்தேன்?"

"மிச்சத்தக் குழியிலதானே போடுவாங்க! அதுகூடத் தெரியாதா உங்களுக்கு?"

"பெரியம்மா போடத்தான் சொன்னாங்க" என்றான் அவன் மெதுவாக. "நான்தான் எடுத்து வச்சேன்."

அப்போதுதான் அந்த வாசனை அவளுக்குப் பிடிபட்டது. பிரதீஸின் பெரியப்பா கறுப்பையா. தாய் தகப்பன் இல்லாத பிரதீஸைத் தூக்கி வளர்த்தவர். ஆயுசு முழுக்க பெக்டரியில் கொழுந்து அரைபடுகிற இடத்தில் வெறுங்காலோடு நின்று, எவ்வளவு கழுவினாலும் போகாத தேயிலைக் கறை பாதத்தில் ஏறியிருந்த மனுஷன். சீனி வியாதியில் அந்தக் கால்கள் இரண்டும் அழுகிப்போய், ஆஸ்பத்திரியில் தொடையோடு எடுத்துவிட்டார்கள். யசோதினி சஷ்மியைக் கூட்டிக்கொண்டு பார்க்கப் போயிருந்தாள். அவர் தன் போர்வையின் தட்டையான பாதியைத் தடவிக்கொண்டே, வந்தவர்கள் எல்லோரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார். "என் கால எங்கம்மா போட்டீங்க?" வந்தவர்கள் போர்வையை இழுத்துவிட்டு வேறு பேச்சுக்குப் போனார்கள். பிறகு சஷ்மி வார்டுக்குள் ஓடுவதைக் கண்கொட்டாமல் பார்த்தார். "எப்படி ஓடுது பாரு. தங்கக் காலு" என்றார். அவர்கள் கிளம்பும்போது பிரதீஸின் கையைப் பிடித்துக்கொண்டு, "பெட்டிய மட்டும் ஆள் அளவுக்கு அடிங்கடா. அங்கயாச்சும் நீட்டிப் படுத்துக்கிறேன்" என்று சொன்னார்.

ஆள் அளவுக்குத்தான் தோட்டத்தில் பலகை கொடுத்தார்கள். ஆனால் செத்த அன்றைக்கு நல்ல மழை. தோட்டத்து இடுகாட்டுக்கு ஏறுகிற பாதை தேயிலைக்கு நடுவே செங்குத்தாக, களிமண்ணாக வழுக்கியது. கால் இல்லாதவருக்கு எதற்கு இவ்வளவு நீளம், குட்டையாக அடித்தால் தூக்குகிறவர்களுக்கு லேசு என்று ஒருவன் சொன்னான். முழுசாக அடித்த பெட்டியைக் கழற்றி, பாதியில் அறுத்து, குட்டையாக்கினார்கள். சொன்னவன் பிரதீஸ்.

"என்னங்க" என்றாள் யசோதினி. குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "அது அவரோட காலுக்கு விட்ட பலகைங்க."

"சனிக்கிழம வந்து எடுத்துட்டுப் போயிடுறேன். நீ அதத் தொடாத."

சனிக்கிழமை வரை பொறுக்க அவள் என்ன பைத்தியமா? ஆனால் அன்றைக்குப் பிள்ளையைத் தனியே விட்டு அதன் பக்கம் போகப் பயமாக இருந்தது. முன்னறைக் கதவைச் சாத்தி, கதிரையை முட்டுக்கொடுத்து, உள்ளறையில் மகளைக் கட்டிக்கொண்டு படுத்தாள். மறுநாள் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தாள். றமீலா பிள்ளையை அவளிடம் ஒப்படைத்துவிட்டு அக்குறணையில் கல்யாண வீட்டுக்குப் போய்விட்டாள். கீழ் வீடு பூட்டிக் கிடந்தது. ஓடி விளையாடிய களைப்பில் சஷ்மி தூங்கிவிட, அவளை உள்ளறைப் பெரிய கட்டிலில் போட்டுப் போர்த்திவிட்டு, யசோதினி ஸ்க்ரூ டிரைவரோடு முன்னறைக்கு வந்தாள்.

ஹந்தானை மலையை மூடிக்கொண்டு மழை இறங்கியிருந்தது. சாயந்தரத்துக்கு முன்பே வீட்டுக்குள் இருட்டு. தகரக் கூரையில் மழை விழுகிற சத்தம், கூரையோரப் பீலியில் தண்ணீர் ஓடுகிற சத்தம், எங்கோ ஒரு பஸ் மேட்டில் திணறுகிற சத்தம். லைட்டைப் போட்டாள். கட்டிலைப் பார்த்தாள்.

திட்டுகள் முழங்காலையும் தாண்டியிருந்தன. தொடை. கால்மாட்டுப் பலகை எங்கே முடிகிறதோ, அங்கே, நடுச்சட்டத்தின் விளிம்பில், அறுத்தது போல நின்றன. தலைமாட்டுப் பலகையில் ஒரு புள்ளி கிடையாது.

"மாமா" என்று அவள் வாய்விட்டுச் சொன்னாள். "தப்புதான் மாமா. உங்க பலகைய உங்ககிட்டயே கொண்டாந்து போட்டுடுறோம். இன்னைக்கே."

முதல் திருகாணி கழன்றது. இரண்டாவது, மூன்றாவது. நான்காவதைத் திருப்பும்போது கரண்ட் போனது. போனின் டோர்ச்சைப் போட்டு அலுமாரியில் சாய்த்து வைத்தாள். கழற்றிய பலகையின் விளிம்பில் விரல் விட்டுத் தூக்கினாள்.

அசையவில்லை.

கழற்ற இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள். இல்லை. மறுபடி தூக்கினாள். ஒரு விரல் உயரத்துக்கு எழும்பி, திரும்ப இறங்கியது. ஆள் உட்கார்ந்திருக்கிற பலகையைத் தூக்கினால் எப்படிக் கனக்குமோ, அப்படி. கொழுந்து வாசனை தொண்டையில் கசந்தது.

சுத்தியல் அடுப்படியில் இருந்தது. போனை எடுத்துக்கொண்டு போனாள். மேல் தட்டில் இல்லை. தண்ணீர்க் குடத்துக்குப் பின்னால் தேடினாள். கை பட்டு ஒரு டம்ளர் விழுந்து உருண்டது. அது நிற்கும்வரை நின்றாள்.

தட தட.

சின்னக் கால்கள். உள்ளறையிலிருந்து. முன்னறையை நோக்கி.

"சஷ்மி! போகாத! அங்க போகாத!"

ஓடினாள். முன்னறை வாசலில் டோர்ச் வெளிச்சம் விழுந்தது.

பிள்ளை சின்னக் கட்டிலில் படுத்திருந்தாள். மல்லாக்க. கைகள் இரண்டும் பக்கத்தில். கால்கள் நேராக நீட்டி, சேர்த்து, கால்மாட்டுப் பலகையின்மேல்.

அவளைச் சுற்றிப் பலகை மின்னியது. சீராக. ஒரே நிறமாக. தலைமாட்டிலிருந்து கால்மாடுவரை நல்ல பிளேன்டீ நிறம். எந்த வீடியோவிலும் அவள் பார்க்காத அழகு. ஒரு திட்டும் இல்லை.

வாரி எடுத்தாள். உடம்பு சூடாக இருந்தது. மூச்சு வந்தது. நெஞ்சு அடித்தது. பிள்ளை இருக்கிறாள், பிள்ளைக்கு ஒன்றுமில்லை, பிள்ளையாரப்பா. அவள் கை கீழே இறங்கி மகளின் கால்களைப் பிடித்தது.

ஜில்லென்று இருந்தன.

இரண்டும் தொங்கின. அவள் நடந்தால் ஆடின. கிள்ளினாள். இன்னும் அழுத்திக் கிள்ளினாள். முழங்காலை மடக்கினாள். விட்டாள். விழுந்தது. இரண்டரை வயதுவரை அவள் மடியில் கிடந்த அதே கால்கள். அவற்றைவிட மோசம். பாதம் நிறைய, கழுவினாலும் போகாத மாதிரி, பழுப்புக் கறை.

தட தட.

வெளியே. மாடிப்படியில். இறங்கிக்கொண்டு.

டோர்ச்சைத் திருப்பினாள். கட்டிலடியிலிருந்து கதவுவரை சிவப்புச் சிமெந்துத் தரையில் தடங்கள். சின்னத் தடங்கள். ஈரமான பழுப்பு நிறம். இடது தடங்களில் நாலு விரல். கதவு திறந்து கிடந்தது. படியில் மழை தெறித்தது. அந்த மழையிலும் அழியாமல், கீழ்ப்படியில் ஒரு தடம் விழுந்தது. அதற்கடுத்து, யாரும் இல்லாத இடத்தில், இன்னொன்று. கேட் கிறீச்சிட்டுத் திறந்தது.

சஷ்மி கண்ணைத் திறந்தாள். அழவில்லை. தன் கால்களைப் பார்க்கவும் இல்லை. ஒரு கையால் தன் தொடையை, அதற்குக் கீழே வெறும் இடத்தைத் தடவுவது போலத் தடவிக்கொண்டு, அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"என் கால எங்கம்மா போட்டீங்க?"

ஹேவாஹெட்ட ரோட்டில், மழைக்குள், தோட்டத்தை நோக்கி, ஒரு பிள்ளையின் கால்கள் ஆசை தீர ஓடிக்கொண்டிருந்தன.